புது கார்னு சொல்லி 846 கிலோமீட்டர் ஓடுன வண்டிய தள்ளிவிட பாத்தாய்ங்க - மதுரை மக்களே உஷார்

புது வண்டி புக் பண்ணிட்டு வெயிட் பண்றவங்க இத படிச்சிட்டு அப்புறம் மீதி பணத்த கட்டுங்க. ஷோரூம் பேர போடல, மதுரைலதான்.

மே கடைசில புக் பண்ணேன். ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி டெலிவரினு சேல்ஸ் தம்பி அடிச்சு சொன்னாப்ல. எங்க வீட்ல ஆடில வண்டி எடுக்க மாட்டாங்க, அது தெரிஞ்சுதான் அந்த தேதிய சொல்லி அட்வான்ஸ் வாங்குனதே. ஆனி முடியப்போகுது, போன் போட்டா "சார் அந்த சில்வர் கலர் பிளான்ட்லயே கம்மியாத்தான் வருது", அடுத்து "ட்ரெய்லர் கிளம்பிருச்சு சார்", அப்புறம் "சென்னை யார்டுல நிக்குது சார்". ஆடியும் வந்துருச்சு. உடனே "ஆடில நீங்களே எடுக்க மாட்டீங்கள்ல சார், ஆவணி மொத முகூர்த்தத்துல குடுத்துருவோம்"னு நமக்கு நல்லது பண்ற மாதிரி பேசுறாய்ங்க. இதுக்கு நடுவுல விலை வேற ஏறிருச்சு. ஃபார்ம்ல பொடி எழுத்துல டெலிவரி அன்னைக்கு என்ன விலையோ அதுதான்னு போட்டிருக்கு, லேட் பண்றது அவங்க, காசு கட்டுறது நாம, நல்லா இருக்குல்ல.

ஆவணில திடீர்னு ஒரே அவசரம். வண்டி வந்துருச்சு, இன்னைக்கே ஃபுல் பேமென்ட் போடுங்க, நாளைக்கு ரிஜிஸ்ட்ரேஷன். வண்டிய பாக்காம கட்ட மாட்டேன்னேன். இன்னும் வாட்டர் வாஷ் பண்ணல, யார்டு தூரம்னு இழுத்தாய்ங்க. திருமங்கலத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்க மச்சான கூட்டிட்டு நேரா யார்டுக்கே போயிட்டேன்.

சாவி போட்டதும் மீட்டர்ல 846. மச்சான் ட்ரிப் மீட்டரா இருக்கும்டானு மாத்தி மாத்தி அமுக்கி பாத்தான், இல்ல, வண்டி மொத்தமா ஓடுன தூரத்த காட்டுற ஓடோமீட்டரே அதான். கேட்டா "பிளான்ட்ல டெஸ்ட் பண்ணி அனுப்புவாங்க சார்". ட்ரெய்லர்ல ஏறி வர்ற வண்டி, ஏத்தி எறக்குனது, யார்டுக்கும் ஷோரூமுக்கும் போனதுனு முப்பது நாப்பது கிலோமீட்டர் இருந்தா யாரும் கேக்கப்போறதில்ல. இது மதுரைல இருந்து சென்னைக்கு போயிட்டு கிட்டத்தட்ட திரும்பி வந்த தூரம். அடுத்த நிமிஷமே கதை மாறுது, வேற பிராஞ்ச்ல இருந்து ரோட்டுல ஓட்டிட்டு வந்தோம்ங்கிறார் மேனேஜர். அப்ப ட்ரெய்லர்னு சொன்னது?

ஸ்க்ரீன்ல ப்ளூடூத் லிஸ்ட தொறந்தா வரிசையா யார் யாரோ போன் பேரு. முன்னாடி கண்ணாடில ஏதோ ஸ்டிக்கர ஒட்டி உரிச்ச பிசுக்கு. சீட்டுக்கு மட்டும் பிளாஸ்டிக் கவர் புதுசா மாட்டிருக்கு. டிரைவர் டோர் பாக்கெட்ல கைய விட்டா வத்தலக்குண்டு பங்க்குல பெட்ரோல் போட்ட பில்லு, தேதிய பாத்தா எங்கிட்ட சென்னை யார்டுல நிக்குதுனு சொன்ன அதே வாரம். கொடைக்கானல் போயிட்டு வந்திருக்காய்ங்கய்யா என் வண்டில!

அதைவிட கொடும ஃபார்ம் 22. வண்டிக்கு தயாரிச்ச கம்பெனி குடுக்குற சர்டிபிகேட் அது, எந்த மாசம் தயாரிச்ச வண்டினு அதுல இருக்கும். நான் கேட்டு வாங்கி பாத்தா ஏப்ரல். அதாவது நான் புக் பண்றதுக்கு முன்னாடியே தயாரான வண்டி. கலர் கம்மினு சொன்னதெல்லாம் கப்ஸா, டெஸ்ட் டிரைவுக்கும் ஊர் சுத்தவும் ஓட்டுறதுக்குத்தான் நம்மள இழுத்தடிச்சது. லேட்டும் கிலோமீட்டரும் வேற வேற பிரச்சனை இல்ல, ரெண்டும் ஒன்னுதான்.

உடனே மேட் ஃப்ரீ, சீட் கவர் ஃப்ரீ, எக்ஸ்டெண்டட் வாரண்டி ஃப்ரீனு ஆரம்பிச்சாய்ங்க. நான் ஒன்னே ஒன்னுதான் கேட்டேன், இந்த 846 எப்படி வந்துச்சுனு லெட்டர்பேட்ல எழுதி சீல் வச்சு குடுங்க. மேனேஜர் டீ சொல்லவானு கேக்குறார்.

மீட்டர், சேஸிஸ் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா பாடில அடிச்சிருக்க நம்பர்), பில்லு எல்லாத்தையும் போட்டோ எடுத்து கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்லயும் புகார் பதிஞ்சேன். மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுல 50 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குன பொருளுக்கு கேஸ் போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நம்ம இருக்க ஊர்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், இத அந்த மேனேஜருக்கும் காப்பில போட்டேன். அதுக்கப்புறம்தான் போன் அவங்க பக்கம் இருந்து வர ஆரம்பிச்சுச்சு. பேமென்ட் போகல, நம்பரும் விழல, அதனாலதான் இவ்வளவு பேச முடிஞ்சது. நம்ம பேர்ல ரிஜிஸ்ட்ரேஷன் ஆயிட்டா அப்புறம் ஃப்ரீ மேட்டோட வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

கடைசில பழைய விலைக்கே வேற சேஸிஸ் வண்டி குடுத்தாங்க, மீட்டர்ல 31. இன்வாய்ஸ்ல இருக்க சேஸிஸ் நம்பரையும் வண்டில அடிச்சிருக்கதையும் எழுத்து எழுத்தா வச்சு பாத்துட்டுதான் கையெழுத்து போட்டேன். பாண்டி கோவில்ல பூஜை போட்டு எடுத்தாச்சு.

டெலிவரி அன்னைக்கு எட்டி பாத்தேன், அந்த சில்வர் வண்டி யார்டுல இல்ல. மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கம் இப்ப சில்வர்ல புதுசு எடுத்தவங்க யாராச்சும் இருந்தா ஃபார்ம் 22 மாசத்தையும், ப்ளூடூத் லிஸ்ட அழிக்காம விட்டிருந்தா அதையும் பாத்துக்கங்க. வத்தலக்குண்டு பில்லு எங்கிட்ட பத்திரமா இருக்கு, வேணும்னா தர்றேன்.