ஃப்ளாரன்ஸா, வெனிஸா?

இத்தாலியின் இந்த இரு பழைய வணிக நகரங்களில் செழிப்பை நன்றாகக் கட்டிக்காத்தது எது? ஃப்ளாரன்ஸ் கம்பளியிலும் வங்கியிலும் வளர்ந்த ஊர். 1252-இல் அடிக்கத் தொடங்கிய ஃப்ளோரின் பொற்காசில் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் புனித யோவான். எடை சுமார் மூன்றரை கிராம். அந்த எடையில் கைவைக்காததால்தான் ஐரோப்பாவே அதை நம்பி வாங்கியது. 1397-இல் வங்கி தொடங்கிய மெடிச்சி குடும்பம், 1434-க்குப் பிறகு கோசிமோ காலத்தில் நகரையே கைக்குள் வைத்திருந்தது. சிற்பி டொனாடெல்லோவை ஆதரித்ததும் அவர்தான். ஆனால் 1494-இல் குடும்பம் விரட்டப்பட்டது, வங்கியும் மூழ்கியது.

வெனிஸுக்கு வயல்கூடக் கிடையாது. உப்பும் கப்பலும்தான். நம் பக்கத்து மலபார் மிளகு அலெக்சாந்திரியா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் கப்பலேறுவார். லாபத்தில் இருவருக்கும் பங்கு. கையில் காசில்லாத இளைஞனும் வணிகனாகலாம், எவ்வளவு அழகான ஏற்பாடு! அங்கும் பெரிய குடும்பங்கள் உண்டு. 1297-க்குப் பிறகு, நகரை ஆண்ட பெருமன்றத்துக்குள் புதியவர்கள் நுழைவதே கடினம். ஆனாலும் தலைவரான டோஜேயைச் சீட்டுக் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி நடத்தித் தேர்ந்தெடுத்தார்கள், ஒரே வீடு ஊரை விழுங்கிவிடக் கூடாதென்று.

கலைக்கு ஃப்ளாரன்ஸ்தான், சந்தேகமில்லை. செழிப்பைக் கட்டிக்காத்ததில் என் ஓட்டு வெனிஸுக்கு: அந்தக் குடியரசு 1797-இல் நெப்போலியன் வரும்வரை நின்றது.