பர்மாத் தமிழ்க் குடும்பங்கள் தாமே அச்சிட்ட மூன்று நூல்கள்

பர்மாத் தமிழர் பட்ட பாடு பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே தங்கிவிட்டதற்கு எழுதும் விருப்பம் இல்லாமை காரணம் அன்று. 1962ஆம் ஆண்டில் அச்சகத்தார், வெளியீட்டாளர் பதிவுச் சட்டம் வந்தபின் எந்தப் பக்கமும் தணிக்கையாளர் கையைத் தாண்டித்தான் வெளிவர வேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாகி, தமிழ் படிப்பது கோயில் மண்டபங்களுக்கும் வீட்டுத் திண்ணைகளுக்கும் சுருங்கியது. முன்தணிக்கை 2012 ஆகஸ்டில் நீங்கியபோது, ஜப்பான்காரன் காலத்தை நேரில் கண்டவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எஞ்சியிருந்தவர்களிடம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியை நீட்டிப் பேசவைத்து, அதைத் தட்டெழுதி, கைக்காசைப் போட்டுக் கொஞ்சம் பிரதிகள் மட்டும் எடுத்த நூல்கள் இப்போது ரங்கூனிலும் மோல்மீனிலும் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கைமாறுகின்றன.

அவற்றில் மூன்றை இங்கே மதிப்பிடுகிறேன். உயிரோடிருக்கும் உறவினர் பலர் அடையாளம் தெரியும்படி இவற்றில் வருகிறார்கள். நாட்டின் இன்றைய நிலையில் பெயர் வெளியே வருவதை ஆசிரியர்களும் விரும்பவில்லை. ஆகவே தலைப்பும் பெயரும் இல்லாமல் நடை நூல், கப்பல் நூல், ரயில் நூல் என்றே குறிப்பிடுகிறேன். தேவைப்படுவோர்க்கு எந்தக் கோயிலடியில் யாரைக் கேட்பது என்பது ஊரில் தெரிந்ததுதான்.

நடை நூலே மூன்றிலும் சிறந்தது. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவரின் குடும்பம் 1942இல் இந்தியாவுக்கு நடந்து போன கதையை, அப்போது ஒன்பது வயதாயிருந்த அப்பத்தா சொல்ல, பேரன் எழுதியிருக்கிறார். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மீது முதல் குண்டு விழுந்ததும், மறு ஆண்டு மார்ச் 8ஆம் தேதி நகரம் ஜப்பானியர் வசமானதும், ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் தரைவழியாகவும் கடல்வழியாகவும் வெளியேறியதும் வரலாற்று நூல்களில் கிடைப்பவை. அவற்றைப் பேரன் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார். நல்ல வேளை. இத்தகைய நூல்களில் முதல் ஐம்பது பக்கம் உலகப் போரின் வரலாறாகவே போய்விடுவதை நிறையப் பார்த்தாயிற்று. இங்கோ மாண்டலே வரை ரயில், சிந்துவின் ஆற்றில் கலேவா வரை படகு, அங்கிருந்து கபா பள்ளத்தாக்கு வழியாகத் தாமு, மலையேறிப் பலேல், இம்பால், கடைசியில் திமாப்பூர் ரயிலடி என்று வழி நெடுக என்ன சமைத்தார்கள், எதில் தண்ணீர் மொண்டார்கள், எந்தச் சாமானை எந்த இடத்தில் போட்டுவிட்டு நடந்தார்கள் என்பதே கதையாகிறது. முதலில் அம்மிக்கல், பிறகு பித்தளைக் குடம், பிறகு பெரியவரின் செருப்பு. இரும்புச் சட்டியை மட்டும் அப்பத்தாவின் தாயார் திமாப்பூர் வரை விடவில்லை. மலைப்பாதையில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழியும் இந்தியர்களுக்கு வேறொரு வழியும் ஒதுக்கப்பட்டதாக அந்த நாளிலேயே எழுந்த குற்றச்சாட்டு, ஒரு சிறுமி முகாம் வாசலில் எந்த வரிசையில் நிறுத்தப்பட்டாள் என்ற அளவிலேயே இந்நூலில் வருகிறது, அது போதும்.

நூலின் மையம் நான்கு வயதுத் தம்பி. தாமுவுக்கு அருகே அவனுக்குக் காலரா கண்டது. அதன்பின் என்ன நடந்தது என்பதை அப்பத்தா மூன்று தடவை, மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். முதற்பதிவில் தம்பி இரவே இறந்துவிட்டான், விடியலில் புதைத்தார்கள். இரண்டாவதில் பின்னால் வந்த ஒரு தெலுங்குக் குடும்பத்திடம் அவனை ஒப்படைத்தார்கள். மூன்றாவதில், ஒரு தகர டப்பாவில் தண்ணீர் வைத்து, மரத்தடியில் படுக்கவைத்து, அவன் கண் திறந்திருக்கும்போதே தாயார் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். இம்மூன்றையும் பதிவு செய்த தேதியோடு, ஒன்றன்பின் ஒன்றாக, தம் கருத்து எதுவும் சேர்க்காமல் பேரன் அச்சிட்டிருக்கிறார். தேர்ந்த பதிப்பாசிரியர் ஒருவர் இருந்திருந்தால் மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதலிரண்டையும் வெட்டச் சொல்லியிருப்பார். அப்படிச் செய்திருந்தால் நூல் பாதி செத்திருக்கும். எழுபது ஆண்டுகள் அந்தப் பெண் எதை எதைச் சொல்லித் தன்னைத் தாங்கிக்கொண்டார் என்பது முதலிரண்டு கதைகளில்தான் இருக்கிறது.

குடும்பச் சண்டையையும் நூல் மறைக்கவில்லை. அப்பத்தாவின் அண்ணன் கடைசி வரை முதற்கதையையே சாதித்தார். மூன்றாவது கதை வெளியே தெரிந்ததும் தங்கையோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் மகன், தம் பாட்டியைக் கொலைகாரியாக்கும் பக்கங்களை நீக்கும்படி எழுதிய கடிதம், அவர் சம்மதத்துடனேயே பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கடுமையான கடிதந்தான், நியாயமும் அதில் உண்டு. மற்றப் பிள்ளைகளைக் கரைசேர்த்த தாயைத் தீர்ப்புச் சொல்ல, அந்த வழியில் நடக்காத நமக்கு என்ன உரிமை என்று அவர் கேட்கிறார். பேரன் பதில் எழுதவில்லை. அச்சிட்டதே பதிலாகிறது.

ஆறுதல் என்று சொல்லத்தக்கது நூலில் ஒரே இடத்தில் வருகிறது. மூன்றாவது கதையைச் சொன்ன ஆண்டு மாளய அமாவாசைக்குத் தம்பி பெயரில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று அப்பத்தா முதன்முறையாகக் கேட்டார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு உரிய நாள் அது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். வீட்டில் பாதிப் பேர் பௌத்த வழக்கத்தில் ஊறியவர்களாகையால், அதே வாரம் பொங்யிகளுக்கு, அதாவது பௌத்தத் துறவிகளுக்கு, சோறிட்டுத் தண்ணீர் வார்த்துப் புண்ணியத்தையும் பகிர்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லப் பேரன் எடுத்துக்கொண்டது பத்து வரி. அதற்குப் பிறகு அப்பத்தா நிம்மதியாகத் தூங்கினார் என்றெல்லாம் அவர் எழுதவில்லை. மறு மாதம் பழையபடி முதற்கதையைச் சொன்னார் என்று எழுதியிருக்கிறார்.

கப்பல் நூலுக்குக் கையிலிருந்த சரக்கு இதைவிடப் பெரிது. 1964இல் ரங்கூன் கடைகள் அரசுடைமையான பிறகு அண்ணன் குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பலேற, பர்மியப் பெண்ணை மணந்திருந்த தம்பி இங்கேயே தங்கிவிட்டார்; இருவருக்கும் இடையே ஓடிய கடிதங்களைத் தம்பியின் மகள் தொகுத்திருக்கிறார். அந்த ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது துணிக்கடைக் கல்லாவில் இருந்ததை இரவோடிரவாக எண்ணிய காட்சி, துறைமுகத்தில் சுங்கக்காரர் முன் மனைவியின் தோட்டைக் கழற்ற அண்ணனின் கை நடுங்கியது, வியாசர்பாடி பர்மா காலனியில் முதல் மழைக்கு ஒழுகிய கூரை, பின்னாளில் பர்மா பஜாரில் நடைபாதையில் விரித்த கடை ஆகியவை அண்ணன் கடிதங்களில் இருக்கின்றன. தம்பி பக்கத்தில் வெளிநாட்டார் பதிவுச் சீட்டு, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அலைச்சல், 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு முழுக் குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அட்டையும் இன்னொருவருக்கு அதற்கு ஒருபடி கீழான இணைக் குடிமக்களுக்கான நீல அட்டையும் கிடைத்த வேடிக்கை எல்லாம் வருகின்றன. வேடிக்கை என்ற சொல் தம்பியுடையது.

நடுவே ஒரு சிங்கர் தையல் மெஷின். அண்ணன் விட்டுப்போன அதைத் தம்பி விற்றுவிட்டாரா, அரசாங்கம் எடுத்துக்கொண்டதா என்று பதினொரு ஆண்டுகள் கடிதத்துக்குக் கடிதம் கேள்வி வருகிறது. பதில் ஒருமுறையும் நேராக வரவில்லை. யார் யாரைக் கைவிட்டார் என்பதை இரு சகோதரர்களும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் தையல் மெஷினைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று வாசகருக்கே விளங்குகிறது.

வாசகர்மீது தொகுப்பாசிரியருக்குத்தான் நம்பிக்கை இல்லை. ஒருவரையொருவர் ஏசிய கடிதங்களை, பெரியப்பா குடும்பத்தார் மனம் நோகக் கூடாது என்று விட்டுவிட்டதாக முன்னுரையிலேயே சொல்கிறார். அந்த இடத்தில் மன்னிப்பைப் பற்றிய நீண்ட கடைசி இயலை எழுதிச் சேர்த்திருக்கிறார். ட்ராமா (trauma) என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆழ்மனக் காயம், விட்டுவிடுதல், உள்ளொளி என்று வகுப்பெடுப்பது போன்ற நடை. அண்ணன் தம்பி இருவரும் கடைசி வரை நேரில் சந்திக்கவேயில்லை என்று முந்தைய இயலிலேயே படித்துவிட்ட நமக்கு, அவர்கள் ஆன்மாக்கள் சமாதானமடைந்ததாகச் சொல்லப்படுவதை எப்படி ஏற்பது? ஏசிய கடிதங்களை உள்ளபடி அச்சிட்டிருந்தால் மன்னிப்பு தேவைப்பட்ட இடம் எது என்றாவது தெரிந்திருக்கும். உறவு கெட்டுவிடும் என்ற அவருடைய அச்சத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடை நூல் அந்த விலையைக் கொடுத்தது என்பதை முன்பே சொன்னேன். ஆனால் அச்சத்தால் எடுத்ததை எடுத்தேன் என்று சொல்லி வெற்றிடமாகவே விட்டிருக்கலாம். அதில் உபதேசத்தை நிரப்பியதுதான் நூலைக் கெடுத்தது.

ரயில் நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பர்மாவின் தன்பியூசயாட்டிலிருந்து தாய்லாந்தின் பான்போங் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையை 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் போட்டபோது அங்கே வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மீண்ட ஒருவரைப் பற்றி, ஓய்வு பெற்ற ஆசிரியரான அவர் மகன் எழுதியது. பெரும்பகுதி தகவல் திரட்டு. தன்பியூசயாட் போர்க் கல்லறையில் 3,700க்கு மேற்பட்ட நேசநாட்டுப் படைவீரர்களுக்குத் தனித்தனிக் கல் இருக்க, அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் முதலிய கூலிகளுக்கு அப்படி எதுவும் இல்லை என்ற அவர் வாதம் நியாயமானது. அதை ஆறு இடங்களில் சொல்லத் தேவையில்லை. படங்கள் மங்கல்.

ஆனால் தந்தையைப் பற்றி நேரடியாக எழுதிய ஒரு சிறு இயல் மற்றதற்கெல்லாம் ஈடுகட்டுகிறது. பாதை வேலையில் காலில் பட்ட ஒரு கீறல் அழுகிப் புரையோடி எலும்பு தெரியுமளவுக்குப் போவதைக் கண்டவர், ஊர் திரும்பிப் பிள்ளைகள் பெற்ற பிறகு, தினமும் விளக்கு வைத்ததும் அவர்களை வரிசையாக உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே விரலால் தடவிப் பார்ப்பாராம். கீறல் இருந்தால் உப்புத் தண்ணீர், மறைத்திருந்தால் அடி. பிள்ளைகள் அவரைக் கொடுமைக்காரர் என்றே நினைத்து வளர்ந்தார்கள். இந்த ஓர் இயலைத் தனிச் சிறுநூலாக அச்சிட்டிருந்தால் மூன்றில் இதையே முதலில் வைத்திருப்பேன்.

அச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் காசு கொடுத்து வாங்குகிறோம். மூன்றும் தமிழ் படிக்கத் தெரியாத அச்சகங்களில் தயாரானவை. எழுத்துரு ஒத்துக்கொள்ளாததால் கப்பல் நூலின் சில பக்கங்களில் கொம்பு ஓரிடத்திலும் அது சேர வேண்டிய எழுத்து வேறிடத்திலுமாக நிற்கிறது. ஒற்றுப்புள்ளி காணாமல்போன வரிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. அச்சகத்தாரைக் குறைசொல்லிப் பயனில்லை. அச்சேறுமுன் ஒரு மாதிரிப் பிரதியை எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்க வேண்டும். நடை நூலின் பசை கட்டுமானம் முதல் வாசிப்பிலேயே விட்டுப்போனது. ரயில் நூல் தையல் கட்டுமானம், தாளும் கனமானது. அதனால் விலையும் கூடுதல். இடது பக்கம் தமிழும் வலது பக்கம் பர்மியமுமாக நடை நூலை அமைத்தது மட்டும் பாராட்டுக்குரிய யோசனை. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் பலர் வலது பக்கத்தைப் படிக்க, பெரியவர்கள் இடது பக்கத்தைப் படிக்க, ஒரே வீட்டில் ஒரே நூல் இருவருக்கும் பயன்படுகிறது.

குறையென்றால் மூன்றிலும் நிலப்படம் இல்லை, குடும்பக் கொடிவழியும் இல்லை. கப்பல் நூலில் இரண்டு முத்தையாக்களும் மூன்று மீனாட்சிகளும் வருகிறார்கள். யார் யாருக்கு என்ன முறை என்று நானே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டுதான் படித்து முடித்தேன். ஊர்ப் பெயர்களும் ஓரிடத்தில் பழைய வழக்கிலும் ஓரிடத்தில் புதிய வழக்கிலும் இருக்கின்றன.

நடை நூலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். 1942இல் யாரையாவது வழியில் இழந்த குடும்பத்தார் மூத்தவர்களிடம் கொடுக்குமுன் தாம் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. கப்பல் நூலைக் கடைசி இயலுக்கு முன்னால் நிறுத்திக்கொள்பவர்கள் வாங்கலாம். ரயில் நூலை இரவல் வாங்கி, தந்தையைப் பற்றிய இயலைப் படித்தால் போதும். கப்பல் நூலின் ஆசிரியர் இரண்டாம் பதிப்புக்குத் தயாராவதாகக் கேள்வி. விட்டுப்போன கடிதங்களைப் பற்றிச் சென்னையிலுள்ள பெரியப்பா பிள்ளைகளிடம் அவர் நேராகவே கேட்டுப் பார்க்கலாம். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்த மறுப்பையே அச்சிடட்டும்.