38 அடி இரட்டையுடல் படகு: வாங்குமுன் லங்காவியில் செய்த மூன்று நாள் பரிசோதனை

பினாங்கிலிருந்து லங்காவிக்குப் போய் நாங்கள் பரிசோதித்த படகு, 38 அடி நீளமுள்ள பிரெஞ்சுத் தயாரிப்பு. முதல் ஐந்து ஆண்டுகள் கரீபியக் கடலில் வாடகைக்கு ஓடி, பிறகு இரண்டு தனியார் கைகளுக்கு மாறி, பசிபிக்கைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தது. பசிபிக்கையும் இந்தோனேசியத் தீவுகளையும் தாண்டி வரும் பலர் லங்காவியோடு பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். 1987 முதல் சுங்கவரி இல்லாத தீவாக இருப்பதும் சேர்ந்து, பெருங்கடல் பார்த்த பழைய படகுகளைத் தேடுவோருக்கு இது நல்ல இடமாக அமைந்திருக்கிறது. உரிமையாளர் கேட்ட விலை ஒரு லட்சத்து 38 ஆயிரம் அமெரிக்க டாலர். தயாரிப்பாளரின் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு: நான் சொல்லப்போகும் பழுதுகள் வயதாலும் பராமரிப்பாலும் வந்தவை, எந்த நிறுவனத்தின் படகிலும் வரக்கூடியவை.

எங்கள் தேவை தெளிவானது. வாடைப் பருவத்தில், சனவரியிலோ பிப்ரவரியிலோ லங்காவியிலிருந்து புறப்பட்டு, சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி, சுமார் 1,200 கடல் மைல் மேற்கே இலங்கையின் காலித் துறைமுகத்தை அடைய வேண்டும். அங்கிருந்து மாலத்தீவு, பிறகு அதற்கும் அப்பால். ஆகவே வார இறுதியில் தீவைச் சுற்றிவரும் படகுக்குப் போதுமான அளவுகோல் எங்களுக்குப் போதாது.

ஒரு சொல் விளக்கம். உலகம் முழுவதும் இத்தகைய படகைக் குறிக்கும் கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் நம் கட்டுமரம் மரங்களை அருகருகே வைத்துக் கட்டிய மிதவை. இதுவோ பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணி வழியில் வந்தது. குழப்பம் வராமலிருக்க இரட்டையுடல் படகு என்றே எழுதுகிறேன். இருப்பினும் கட்டு என்ற சொல் இங்கேயும் முழுப் பொருளோடு நிற்கிறது. ஒற்றை உடல் படகின் உயிர் அதன் அடிமரத்தில் இருக்கிறது என்றால், இதன் உயிர் இரண்டு உடல்களையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டில் இருக்கிறது. ஒரு உடல் அலையின் முகட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும்போது, படகு முழுவதும் துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கைத் தாங்குபவை குறுக்குச் சுவர்கள். அவற்றில் பாய்மரத்தின் கீழே வரும் சுவர் முதன்மையானது. பாய்மரம் தளத்தின்மேல் நிற்பதால் அதன் அழுத்தமும் அங்கேதான் இறங்குகிறது. பாய், இயந்திரம், மின்கலம், நங்கூரச் சங்கிலி ஆகிய எல்லாவற்றையும் பணம் கொடுத்து மாற்றிவிடலாம். குறுக்குச் சுவர் விட்டுப்போன படகைச் சரிசெய்வது, படகின் உட்புறத்தைப் பிரித்து மீண்டும் கட்டுவதற்குச் சமம்.

இதை நாங்கள் நேரில் உணர்ந்தது, இதற்கு முந்தைய வாரம் பார்த்த வேறொரு படகில். பளபளப்பாக மெருகேற்றப்பட்டு, சூரியத்தகடுகள், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, துணி துவைக்கும் இயந்திரம் என எல்லா வசதிகளோடும் இருந்த அந்தப் படகை அன்றே வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தோம். எங்களோடு வந்த படகுச் சர்வேயர், அதாவது வாங்குபவருக்காகப் படகின் நிலையைப் பரிசோதிப்பவர், துணி அலமாரியின் பின்பலகையைக் கழற்றச் சொன்னார். குறுக்குச் சுவரையும் படகின் உடலையும் சேர்த்து ஒட்டியிருந்த கண்ணாடியிழைப் பட்டை, மேலிருந்து ஒரு முழ நீளத்துக்கு உடலைவிட்டு விலகியிருந்தது. அவர் தம் வங்கி அட்டையை அந்த இடைவெளியில் நுழைத்தார்; தடையே இல்லாமல் பாதி அட்டை உள்ளே போனது. அதன் பிறகுதான், அந்த அறையின் கதவு தரையில் உரசியதும், சன்னல் மூலையிலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல் இறங்கியதும் எங்களுக்குப் பொருள்பட்டன.

இந்தப் படகில் அதனால்தான் முதல் நாள் முழுவதையும் அலமாரிகளுக்குள்ளேயே செலவிட்டோம். கழற்றக்கூடிய பலகைகள் அனைத்தையும் கழற்றி, பட்டைகளின் ஓரங்களை விளக்கொளியில் விரலால் தடவிப் பார்த்தோம். நான்கு முதன்மைச் சுவர்களிலும் பட்டைகள் முழுமையாக ஒட்டியிருந்தன. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இரண்டு உடல்களையும் இணைக்கும் அலுமினியக் குறுக்குக்கம்பத்தில், துருப்பிடிக்காத எஃகுத் துண்டு அதைத் தொடும் இடத்தில் மட்டும் வெண்பொடியாக அரிப்பு தொடங்கியிருந்தது. அதைச் சுத்தம் செய்து இடையில் காப்புத் தகடு வைத்தால் போதும் என்றார் சர்வேயர்.

இரண்டாம் நாள் படகைக் கரையில் ஏற்றி, நெகிழி முனையுள்ள சிறு சுத்தியலால் உடல் முழுவதையும் தட்டிக் கேட்டோம். இந்தப் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே திடமான கண்ணாடியிழையும், மேலே இரு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரமும் இருக்கின்றன. நல்ல இடத்தில் ஒலி இறுக்கமாக, கணீரென்று வரும். நீர் புகுந்த இடத்தில் ஊறிய பலகையைத் தட்டியதுபோல அடங்கிவிடும். வலப்புறத் தளத்தில் பாதுகாப்புக் கம்பி ஒன்றின் அடியில் அப்படி ஓரிடம் அகப்பட்டது. ஈரமானியும் அங்கே ஏறியது. உரிமையாளரின் அனுமதியோடு ஒரு திருகைக் கழற்றியதும், தேநீர் நிறத்தில் நீர் கசிந்து, மட்கிய மரவாடை வந்தது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்குள் அந்த ஈரம் நின்றுவிட்டதால் நாங்கள் பின்வாங்கவில்லை. மேல்தோலை வெட்டி, ஊறிய பால்சாவை எடுத்துவிட்டு, புதிய மையப்பொருள் வைத்து மூட வேண்டும்; பழைய படகுகளில் வழக்கமாக வரும் வேலைதான். சுக்கான்களில் ஒன்றின் அடியிலிருந்து துருக்கறை வழிந்திருந்தது. உள்ளே நீர் புகுந்திருப்பதன் அடையாளம் அது, அதையும் குறித்துக்கொண்டோம்.

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது எடையைத்தான். இரட்டையுடல் படகு அகலமாகவும் இடவசதியோடும் இருப்பதால், பொருள்களை ஏற்றிக்கொண்டே போகலாம் என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் அதன் உடல்கள் மெல்லியவை. கூடுதல் சுமையை அவை பொறுப்பதில்லை. இந்த அளவில் சந்தைக்கு அதிகம் வரும் லகூன் 380ஐ எடுத்துக்கொண்டால், 11.55 மீட்டர் நீளமும் 6.53 மீட்டர் அகலமும் உள்ள அந்தப் படகின் வெற்று எடையே ஏழு டன்னுக்குச் சற்று மேல்தான். எங்கள் படகில் அடிப்பூச்சின் மேல்கோடு, தயாரிப்பு வரைபடத்தில் உள்ள நீர்க்கோட்டைவிட 8 சென்டிமீட்டர் உயர்த்திப் பூசப்பட்டிருந்தது. இந்த வடிவப் படகு ஒரு சென்டிமீட்டர் தாழ ஏறக்குறைய 190 கிலோ போதும் என்று சர்வேயர் கணக்கிட்டுக் காட்டினார். அப்படியானால் யாரோ ஒன்றரை டன் அளவுக்குக் கூடுதல் சுமையோடு இதை ஓட்டியிருக்கிறார்கள். இதன் விளைவு வேகக் குறைவோடு நிற்பதில்லை. இரண்டு உடல்களுக்கும் நடுவிலுள்ள தளத்தின் அடிப்பகுதி நீருக்கு நெருக்கமாக இறங்கிவிடுவதால், எதிர் அலையில் கடல் கீழிருந்து அறையத் தொடங்குகிறது. நடுத்தளத்தின் அடியில் மல்லாந்து படுத்து, விளக்கடித்து, அறைபட்ட விரிசல்கள் உள்ளனவா என்று ஒரு மணி நேரம் தேடினோம். மேற்பூச்சில் மட்டும் சில கீறல்கள் இருந்தன; உள்ளே போகவில்லை.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பதினான்கு ஆண்டுகளாக மாற்றப்படவில்லை. பத்து ஆண்டுகள் தாண்டினாலே காப்புறுதி நிறுவனங்கள் பல கேள்வி கேட்கின்றன. சிவப்புச் சாயம் தடவித் துடைத்தபோது ஒரு கம்பி முனையில் விரிசல் கோடாகத் தெரிந்தது. ஒற்றை உடல் படகு பலத்த காற்றில் சாய்ந்துகொடுத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இது சாயாது, காற்றின் முழு விசையும் கம்பிகளில் ஏறும், ஓட்டுபவருக்கு எச்சரிக்கையும் கிடைக்காது. கவிழ்ந்தால் தானாக நிமிரவும் செய்யாது. ஆகவே பாயைச் சுருக்கும் முடிவைக் காற்றுமானியைப் பார்த்தே எடுக்க வேண்டும். இரவில் மலாக்கா நீரிணையில் திடீரென்று இறங்கும் சுமத்ராப் புயற்காற்றைக் கண்டவர்களுக்கு இதன் முக்கியத்துவம் தெரியும். கம்பிகள் முழுவதையும் மாற்றும் செலவை அப்போதே விலையிலிருந்து கழித்துவிட்டோம்.

இயந்திரங்கள் இரண்டையும் குளிர்ந்த நிலையில் நாங்களே கிளப்ப வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். வாங்க வருபவர் வருமுன் சூடேற்றி வைத்துவிடும் வழக்கம் உண்டு. இரண்டும் உடனே கிளம்பின, புகை தெளிவாக இருந்தது. இயந்திரத்தின் விசையைப் படகின் அடியில் இறங்கும் ஒரு கால் வழியாக நீரிலுள்ள விசிறிக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு செயில்டிரைவ். வலப்புற செயில்டிரைவின் எண்ணெயை அளவுக்கோலில் பார்த்தபோது பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. அடியிலுள்ள அடைப்பான் வழியாகக் கடல்நீர் புகுகிறது என்று பொருள். அதைவிட முக்கியமானது, அந்தக் கால் படகின் உடலைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றியுள்ள ரப்பர்த் திரை. அது கிழிந்தால் படகுக்குள் கடல் வரும். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இங்கே கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு ரசீதுகூட இல்லை. மாற்றப்படவில்லை என்றே கொண்டு கணக்கிட்டோம்.

மூன்றாம் நாள் கடலோட்டம். மணிக்குப் பதினைந்து கடல் மைல் வேகக் காற்றில் தீவின் தெற்கே இரண்டு மணி நேரம் ஓடினோம். புறப்படுமுன் சர்வேயர், குறுக்குச் சுவரும் அலமாரியும் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி ஒரு பென்சில் கோடு இழுத்துவைத்தார். காற்றை எதிர்த்து இருபுறமும் மாறி மாறி ஓடும்போது, நான் கீழே போய் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தேன், எதுவும் பிடிக்கவில்லை. எதிர் அலையில் நடுத்தளத்தில் அறை விழத்தான் செய்தது. ஒவ்வொன்றுக்கும் மேசைமேலிருந்த குவளைகள் அதிர்ந்தன. முதன்முறை கேட்பவருக்கு அந்தச் சத்தம் அச்சம் தரும். திரும்பி வந்து பார்த்தபோது பென்சில் கோடு ஒரே கோடாகவே இருந்தது.

ஆவணங்களில் ஒரு முரண்பாடு. விளம்பரத்தில் 2006ஆம் ஆண்டுப் படகு என்று இருந்தது. படகின் பின்முனையான அமரத்தில், வலப்புறம் பொறித்திருந்த உடல் அடையாள எண்ணோ ஜி405 என்று முடிந்தது. ஏழாவது எழுத்தான ஜி சூலையையும், அடுத்த இலக்கம் 2004ஐயும், கடைசி இரண்டும் 2005 மாதிரியையும் குறிக்கின்றன. உரிமையாளர் தாம் வாங்கியபோதே அப்படித்தான் சொல்லப்பட்டது என்றார், நம்புகிறேன். இருந்தாலும் விலை பேசும்போது ஓராண்டு வித்தியாசம் சிறியதல்ல. படகு பெருங்கடலுக்கான ஐரோப்பிய ஏ பிரிவுச் சான்று பெற்றது. போஃபர்ட் காற்றளவுகோலில் 8ஆம் எண் விசையைத் தாண்டும் காற்றுக்கும் 4 மீட்டரைத் தாண்டும் அலைக்கும் உரிய பிரிவு அது. ஆனால் அந்தச் சான்று புதிய படகுக்குக் கொடுக்கப்பட்டது, பதினான்கு ஆண்டுக் கம்பியோடு நிற்கும் படகுக்கு அல்ல. முந்தைய விற்பனைப் பத்திரங்கள் இடைவெளியில்லாமல் இருக்கின்றனவா, கடன் ஏதும் நிலுவையில் உள்ளதா, படகு முன்பு பதிவாகியிருந்த நாட்டின் பதிவு நீக்கச் சான்று கிடைக்குமா என்பவற்றை உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுத்தோம்.

ஒரு லட்சத்து 12 ஆயிரம் டாலருக்கு முடிந்தது. இரண்டு பேர் குறைந்த பொருள்களோடு நீண்ட தூரம் போக நினைத்தால், இந்த வயதில் இந்த அளவுப் படகு நல்ல தேர்வு. நான்கைந்து பேர், முக்குளிக்கும் கருவிகள், மின்னாக்கி என்று வேண்டுவோர் 42 அடிக்குக் கீழே பார்க்க வேண்டாம். மேலும் ஆறரை மீட்டர் அகலத்தைத் தூக்கிக் கரையேற்றும் வசதி தங்கள் வழியில் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற பொருள்களில் 600 கிலோவை இதுவரை இறக்கியிருக்கிறோம். கம்பிகள் வந்துவிட்டன, ரப்பர்த் திரைகள் அடுத்த வாரம் மாறுகின்றன. அந்தப் பென்சில் கோட்டை அழிக்கவில்லை; காலியில் நங்கூரமிட்டதும் முதலில் அலமாரியைத் திறந்து அதைத்தான் பார்ப்போம்.