பத்துப் பல்லா, ஒன்பது பல்லா: ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்தப் பினியன்?

தர்மபுரியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். கல்யாண மண்டபமோ மாரியம்மன் பண்டிகையோ, கூப்பிட்ட இடத்துக்கு பிக்கப்பின் பின்னால் ஒன்றரை டன் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு போக வேண்டும். போன வருஷம் பின் ஆக்சில் ஹவுசிங்கில் சத்தம் வந்து, கிரவுனும் பினியனும் (இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும்) போய்விட்டது என்று தெரிந்தது. ஜோடியாக அரைத்துப் பொருத்திய பல் அது, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. எப்படியும் ஜோடியாகத்தான் வாங்கப்போகிறோம். பழையபடி 41/10 போடுவதா, இதே ஹவுசிங்கோடு வேறொரு மாடலில் வரும் 41/9 போடுவதா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் 41/9 போட்டேன்.

கணக்கு சுலபம். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.10. பினியனில் 9 பல் என்றால் 4.56. சக்கரத்துக்குப் போகும் இழுவை 11 சதவீதம் கூடும், அதே வேகத்துக்கு இன்ஜினும் 11 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால், முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டயரிலும், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. டயரை இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் விகிதம். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால் பாதிதான் வரும். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் செய்யும் வேலை அது.

4.10-க்கு ஓட்டுப் போடுகிறவர்கள் சொல்வதில் தப்பில்லை. 215/75 ஆர்15 டயரில், இன்ஜினும் ஷாஃப்டும் ஒன்றுக்கு ஒன்று ஓடும் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.10-ல் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,470 சுற்று, 4.56-ல் 2,750. கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் வழியாகச் சென்னைக்கு வாரம் இரண்டு முறை ஓடுகிறவருக்கு டீசலும் மிச்சம், காதுக்கும் நிம்மதி. அவர் 4.10-ஐ விட்டு நகரவே வேண்டாம்.

4.56-ஐ விற்கிறவர்கள் உடனே தொப்பூர் கணவாயைக் காட்டுவார்கள். சேலம் பக்கம் இறங்கும்போது இன்ஜினே பிரேக் மாதிரி வண்டியை நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு கியர் குறைத்து இறங்கினால் 4.10-உம் பிடிக்கும். அங்கே விபத்துக்கு நியூட்ரலில் இறங்குவது ஒரு முக்கியக் காரணம், அதைப் பல்லை மாற்றிச் சரிசெய்ய முடியாது. சூளகிரியிலிருந்து ஓசூர் ஏறுவதற்கும் இதே பதில்தான்: நாலாவது இழுக்கவில்லையா, மூன்றாவது போடுங்கள்.

என்னை மாற வைத்தது ரிவர்ஸ். முன்னால் போக ஐந்து கியர் இருக்கிறது, திணறினால் ஒன்று கீழே போடலாம். ரிவர்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது?

பாலக்கோடு பக்கம் ஒரு மண்டபம். காம்பவுண்டுச் சுவருக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில், லேசான மேட்டில், ட்ரெய்லரைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும். ட்ரெய்லர் மடங்கிவிடக் கூடாது என்பதால் அங்குலம் அங்குலமாக, முழு நேரமும் கால் அரை கிளட்சில். ஒருமுறை சமையல் மாஸ்டர் வெளியே வந்து, "தம்பி, கருகுற வாடை உங்க பக்கமா, எங்க பக்கமா?" என்று கேட்டார். எங்கள் பக்கம்தான். பதினான்கு மாதத்தில் இரண்டு கிளட்ச் பிளேட். பிளேட் விலை கூடப் பரவாயில்லை. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி, அப்புறம் முகூர்த்த நாளில் வண்டி நின்றால் போகும் வாடகை, அதுதான் வலி.

தாளில் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று, ரிவர்ஸ் கியர் விகிதம் 3.8 என்று வைத்துக்கொண்டால், கிளட்சை முழுதாக விட்டு 4.10-ல் மணிக்கு 6.8 கிலோமீட்டர், 4.56-ல் 6.1. முக்கால் கிலோமீட்டருக்கா இவ்வளவு பாடு என்று மெக்கானிக்கிடமே கேட்டேன். "வேகத்தைப் பாக்காதீங்க தம்பி, கால எடுத்தா வண்டி ஆஃப் ஆவுதா இல்லையான்னு பாருங்க" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. அதே மேட்டில் முன்பு கிளட்சை விட்டால் இன்ஜின் குலுங்கி நின்றுவிடும். இப்போது பாதி தூரம் காலை எடுத்துவிட்டே தள்ளுகிறது. மாற்றி இரண்டு முகூர்த்த சீசன் ஆகிறது, அதே பிளேட் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் நானும் கொஞ்சம் பொறுமையாக ஓட்டப் பழகியிருக்கலாம், முழுப் பெருமையும் பல்லுக்கே கொடுக்க மாட்டேன்.

ஒன்பது பல் பினியன் சின்னது, ஒவ்வொரு பல்லும் தாங்கும் பாரம் அதிகம். எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்ல எனக்கு இரண்டு சீசன் அனுபவம் போதாது. நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்சிலிலும் இதே விகிதம் போட்டாக வேண்டும், செலவு இரட்டிப்பு. அந்த வண்டிக்காரர்களை இதைப் போடச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. என் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. அதனால் முள் 80 காட்டும்போது வண்டி 72-ல்தான் போகிறது. எங்கள் டிரைவர் பையன் இன்னமும் போனில் "எம்பதுல வந்துட்டு இருக்கேண்ணா" என்கிறான்.