மெம்ஃபிஸில் அந்தக் குப்பை லாரி

பதினெட்டு வருடமாகத் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். விபத்து அறிக்கை எழுதுவது என் வேலை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள தேசிய குடிமை உரிமைகள் அருங்காட்சியகத்துக்குப் போனபோது அந்த வேலை கூடவே வந்துவிட்டது.

மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லொரைன் மோட்டல்தான் 1991 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பேருந்துப் புறக்கணிப்பு, உள்ளிருப்புப் போராட்டம் என எல்லாக் கூடங்களும் அருமை. ஆனால் என் கால் நின்றது குப்பை லாரியின் முன்னால்.

1968 பிப்ரவரி 1. மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு துப்புரவுத் தொழிலாளர்கள் லாரியின் பின்பக்கத்தில் ஒதுங்கினார்கள். குப்பையை அமுக்கும் இயந்திரம் தானாக ஓடி இருவரையும் நசுக்கிக் கொன்றது. எங்கள் படிவத்தில் இது 'இயந்திரக் கோளாறு' என்று முடிந்திருக்கும். அந்த லாரிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அதைவிடக் கொடுமை, மழை பெய்தால் கறுப்பினத் தொழிலாளர்கள் வெள்ளையர் வீட்டு வாசலில் ஒதுங்க முடியாது. செத்தவர்களின் குடும்பங்களுக்குச் சட்டப்படியான விபத்து இழப்பீடும் இல்லை.

பிப்ரவரி 12 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் 1,300 பேர். 'நான் ஒரு மனிதன்' என்ற அவர்களுடைய அட்டையை இதுவரை இனவெறிக்கு எதிரான முழக்கமாக மட்டுமே படித்திருந்தேன். லாரிக்குப் பக்கத்தில் நின்று படித்தபோது, பழுதில்லாத வண்டியும் மழைக்கு ஒதுங்க ஓர் இடமும் அதே வரியில் கேட்கப்படுவது புரிந்தது. அவர்களுக்குத் துணை நிற்க வந்த கிங் ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி, தொழிலாளர்களின் சங்கத்தை ஏற்றது.

பயிற்சி வகுப்புகளில் நான் அடிக்கடி சொல்லும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புச் சட்டம் 1970இல்தான் வந்தது. அதுவும் நகராட்சி ஊழியர்களை நேரடியாகச் சேர்க்கவில்லை. அந்தந்த மாநிலம் தனித்திட்டம் வைத்தால்தான் உண்டு. இதை வகுப்பில் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. திரும்பி வந்ததும் விசாரணைப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: 'மழை வந்தால் இவர் எங்கே ஒதுங்குவார்?'

போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள். பலரும் கிங் தங்கிய 306ஆம் அறையைத் தேடி வேகமாக நடக்கிறார்கள். அதற்கு முன் இந்த லாரியிடம் பத்து நிமிடம் நில்லுங்கள்.