ஒன்பது மாதமா, மூன்றாண்டா? அமெரிக்க உள்நாட்டுப் போரின் இருவகைத் தொண்டர் படைகள்

வடக்குத் தரப்பு மாநிலங்கள் ஒன்பது மாதக் கெடுவிலும் மூன்றாண்டுக் கெடுவிலும் தொண்டர்களைச் சேர்த்தன. இருவகை ரெஜிமென்ட்டிலும் (படைப்பிரிவு) பத்து கம்பெனி (அதன் உட்பிரிவு), ஏறக்குறைய ஆயிரம் பேர். வேறுபாடு சேவைக் கெடுவில்தான்.

குறுகிய கெடு என்றால் ஆள் சேர்ப்பது எளிது. வயலையும் குடும்பத்தையும் நெடுநாள் விட வேண்டாம். ஆனால் போர்க்களம் பழகும் நேரத்தில் கெடு முடிந்துவிடும். 1861 ஜூலை 21, புல் ரன் போர் நாளில், இன்னும் குறுகிய மூன்று மாதக் கெடு முடிந்த 4ஆம் பென்சில்வேனியா ரெஜிமென்ட் களத்தைவிட்டு ஊருக்குக் கிளம்பியது.

மூன்றாண்டுப் படையில் அனுபவம் சேரும், ஆள் குறையும். மாநிலங்களோ பழைய ரெஜிமென்ட்டை நிரப்பாமல் புதியவற்றையே தொடங்கின. புது அதிகாரிப் பதவிகளை வழங்கலாமே! கெடு முடியுமுன் மீண்டும் சேர்ந்தவர்களுக்கு 400 டாலரும் 30 நாள் விடுப்பும் கிடைத்தன. நான்கில் மூன்று பங்கினர் சேர்ந்தால் ரெஜிமென்ட்டின் பெயர் நிலைக்கும்.

நீண்ட போருக்கு மூன்றாண்டுப் படையே சரி. அதற்காக ஒன்பது மாதத்தாரை மட்டமாக எண்ணுவது பெரும் அநியாயம். 1863 ஜூலை 3, கெட்டிஸ்பர்க்: வடக்குத் தளபதி ஸ்டானார்டின் ஒன்பது மாதப் படைகளான 13ஆம், 16ஆம் வெர்மான்ட் ரெஜிமென்ட்டுகள் வரிசையைவிட்டு முன்னேறி, தெற்குத் தளபதி பிக்கெட்டின் படையின் வலப் பக்கவாட்டில் சுட்டுத் தள்ளின. பிறகு 16ஆம் ரெஜிமென்ட் அப்படியே பின்திரும்பி, தெற்கின் ஃபுளோரிடாப் படைமீது பாய்ந்தது. வெர்மான்ட்காரர்கள் வீடு திரும்பச் சில வாரங்களே மிச்சமிருந்தன.