சீலியாக்: ஊசியா, மாத்திரையா?

என் மகளுக்குச் சீலியாக் நோய் உறுதியாகி ஆறு வருடம் ஆகிறது. கோதுமை போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால், உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்களே சீறிக் குடலைப் புண்ணாக்கும் நோய் இது. அவளுக்கு 18 வயது முடிந்ததும் அமெரிக்காவிலிருந்து நாத்தனார் மகன் கூப்பிட்டான். "அத்தை, புது மருந்தெல்லாம் பரிசோதிக்கிறாங்க, ஏதாவது ஓர் ஆய்வுல பாப்பாவைச் சேர்க்கலாமா?" இரண்டு மாதம் படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பல ஆய்வுகளில் மருந்தோடு குளூட்டனையும் சாப்பிட்டாக வேண்டும். தேறிய குடலை மறுபடி புண்ணாக்க மனம் வரவில்லை. ஆனால் சோதனையில் இருக்கும் ஊசி, மாத்திரை இரண்டும் நாளைக்குக் கடைக்கு வந்தால் எதை வாங்குவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. மாத்திரைதான்.

ஊசி வழியில் ஆசை பெரிது. குளூட்டனைப் பகையாகப் பார்க்காதே என்று நோயெதிர்ப்பு அணுக்களைப் பழக்கிவிட்டால் பரோட்டாவே சாப்பிடலாம் என்கிறார்கள். இந்த வழியில் வந்த நெக்ஸ்வாக்ஸ்2 என்ற ஊசி, மருந்தே இல்லாத வெறும் ஊசியைவிட மேலாக எதுவும் செய்யவில்லை என்று 2019-ல் நிறுத்தப்பட்டது. அதே வழியில் வந்த டாக்-101 பரவாயில்லை. கோதுமைப் புரதத்தை நுண்துகளில் பொதிந்து, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். 2021-ல் வெளியான முடிவில், குளூட்டன் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் அணுக்களின் சீற்றம், வெறும் மருந்து ஏற்றிய குழுவைவிட 88 சதவீதம் குறைந்திருந்தது. குடல் திசுவில் மட்டும் இரு குழுவுக்கும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

மாத்திரையின் பெயர் இசட்.இ.டி.1227. சீலியாக்கைக் கண்டுபிடிக்க டி.டி.ஜி. (திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ்) ரத்தப் பரிசோதனை எடுத்தவர்களுக்கு இதன் வேலை எளிதில் புரியும். குளூட்டனை உருமாற்றி அணுக்களை உசுப்பிவிடுவது அந்த டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிதான். மாத்திரை அதைக் குடலிலேயே முடக்குகிறது. சண்டை தொடங்கிய பிறகு சமாதானம் பேசாமல், தொடங்கும் முன்பே தடுக்கிறது. ஐரோப்பாவில் ஆறு வாரம் தினமும் 3 கிராம் குளூட்டன் கொடுத்துப் பார்த்ததில், மாத்திரை எடுத்தவர்களின் குடல் சேதம் குறைவாக இருந்தது. இந்த முடிவும் 2021-ல்தான் வந்தது.

எனக்கு இதுவே போதும் என்று தோன்றக் காரணம் எங்கள் தெரு மாவு மில். மகள் பரோட்டா கேட்டு அழுவதில்லை. இட்லி, ஏற்காட்டுச் சாமை, இந்த ஊரில் மலிந்து கிடக்கும் ஜவ்வரிசி என்று அவள் தட்டு நிறைந்துதான் இருக்கிறது. எங்களை வீழ்த்துவது கண்ணுக்குத் தெரியாத கோதுமை. ஒருநாள் மில்லில் பச்சரிசி அரைக்க நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் பத்துக் கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போனார். மில்காரர், "கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டி விட்டுட்டுத்தாங்க்கா போடுவேன்" என்றார், ஓட்டியும் விட்டார். அப்படியும் துணிக்குழாயிலிருந்து விழுந்த முதல் கைப்பிடி மாவு பழுப்பாகத்தான் இருந்தது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் வரம்பு. அந்தக் கைப்பிடி எங்கே, வரம்பு எங்கே! அப்புறம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கிறது. கல்யாண வீட்டுச் சாம்பாரில் ஒரு சிட்டிகை விழுந்தாலும் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். 3 கிராமுக்கே ஓரளவு ஈடுகொடுத்த மாத்திரை இந்தச் சிட்டிகையைத் தாங்கும் என்று நம்புகிறேன்.

நம்பிக்கைதான், அனுபவம் இல்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் பத்தியம் ஒன்றுதான். ஆறு வாரச் சோதனையை வைத்து ஆயுள் முழுக்க விழுங்கலாமா என்றும் சொல்ல முடியாது. பரோட்டாவை விட முடியாமல் தவிப்பவருக்கு ஊசி வழி பெரிதாகப் படலாம், அது அவரவர் வீட்டு நிலைமை.

இப்போதைக்கு வீட்டிலேயே மாவு அரைக்கச் சின்ன இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டோம். அதில் இதுவரை ஒரு மணி கோதுமை விழுந்ததில்லை. கல்யாணத்துக்குப் போனால் கூடவே அவளுக்கு ஒரு தூக்கு வாளியும் போகிறது.